அந்த அறைக்குப் போனாரா?

அந்த வரி காலையில் போஸ்ட்டம்மாவின் கையை விட்டுப் போனபோது நல்லபடியாகத்தான் இருந்தது. "எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு." அவ்வளவுதான். படித்தால் புரியும்.

முதலில் மனிதவள மேடம் பார்த்தார். 'எல்லோருக்கும்' என்று பட்டவர்த்தனமாகப் போட்டால் நாளைக்கு யாராவது வந்து 'எனக்கு எங்கே' என்று நிற்பார்களே என்றார். அடுத்து சட்டப் பிரிவு. 'ஒரே மாதிரி' என்பது வாக்குக் கொடுப்பது போல் இருக்கிறதாம், எடுத்துவிடச் சொன்னார்கள். நிர்வாக இயக்குநரின் செயலாளருக்கு 'எங்கள் நிறுவனத்தில்' என்பதில் கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தது. கடைசியாக விளம்பரப் பிரிவின் தலைவர் கைக்குப் போய், இரண்டு வானவில்லும் ஒரு ராக்கெட்டும் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தது: "வாய்ப்புகளை நோக்கிய ஓர் இனிய பயணம்!" யாருடைய பயணம், எந்த ஊருக்கு, எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் ஆண்டவனுக்கே வெளிச்சம். போஸ்ட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்வதற்கென்றே அந்த நெற்றியை வைத்திருக்கிறாளோ என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைக்கும் அளவுக்கு அது அன்றாட வேலையாகிவிட்டிருந்தது.

துணி துவைக்கும் மிஷின் செய்கிற கம்பெனி அது. மிஷினைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். கம்பெனியின் நல்ல மனசைப் பற்றி எழுத இவளை வைத்திருந்தார்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு நிறம், வேறு வயது என்று அத்தனை பேரையும் கம்பெனி அணைத்துக்கொள்கிறது என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கம்பெனியின் இணையப் பக்கத்தில் பதிவு போட்டு உலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் போஸ்ட்டம்மா என்ற பட்டப்பெயர். ஒரு பதிவை எழுத அவளுக்கு ஒரு தேநீர் நேரம் போதும். அதை நாலு பேரிடம் காட்டி 'டிக்' வாங்குவதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

விளம்பரப் பிரிவின் தலைவரை எல்லோரும் சூப்பர் சார் என்றார்கள். அவருக்கு எல்லாமே சூப்பர். வெயில் அடித்தால் சூப்பர், மழை பெய்தால் சூப்பர், ஒருத்தன் வேலையை விட்டுப் போகிறேன் என்று கடிதம் நீட்டினாலும் வாய் தவறி சூப்பர் என்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தெரியாதவர்.

இந்தப் பயணப் பதிவுக்குப் படம் வேண்டும். படம் என்றால் புகார் அண்ணன்தான். பழுதான மிஷின்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் போனில் போடுகிற சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் புகார் பிரிவில் அவர்தான் மூத்தவர். சக்கர நாற்காலியில் வருவார். கம்பெனியில் சக்கர நாற்காலியில் வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், நல்ல மனசைக் காட்ட வேண்டிய போதெல்லாம் அவரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். மரம் நடும் நாளில் அவர் மடியில் ஒரு கன்றை வைத்துப் படம் எடுத்தார்கள். தீயணைப்புப் பயிற்சி நடந்தபோது தலையில் தொப்பியை மாட்டி எடுத்தார்கள். அன்றைக்குப் பயிற்சியில் மற்றவர்கள் எல்லாரும் வெளியே ஓடிய பிறகு, அவரைக் கூட்டிப்போக யாருக்கும் நினைவில்லை என்பது வேறு விஷயம்.

"எங்க வீட்டு ஆல்பத்துல கூட நான் இவ்வளவு இல்லம்மா. என் பொண்டாட்டி, 'உங்களைப் பாக்கணும்னா கம்பெனி பக்கத்துக்குத்தான் போகணும் போல'ங்கறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த முறை வந்த படத்தைப் போஸ்ட்டம்மா திறந்தாள். அது எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். புகார் பிரிவுக்குத் தலைவர் வேலை காலியாகி, அதற்கு நேர்காணல் நடந்த அன்று எடுத்தது.

அந்தக் கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே பிற்பாடு யாருக்கோ தோன்றி ஓர் அரைமாடி கட்டியிருந்தார்கள். லிஃப்ட் அங்கே நிற்காது. கீழே நிற்கும், மேலே நிற்கும், நடுவில் வேண்டாதவர் வீட்டு வாசலைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விடும். முக்கியமான கூட்டம், முக்கியமான விருந்தாளி, நேர்காணல் எல்லாம் அந்த அரைமாடி அறையில்தான். வரவேற்புக் கூடத்திலிருந்து சலவைக்கல் படி ஏறிப் போக வேண்டும். நேர்காணலைக் கீழே எங்காவது வைக்க முடியுமா என்று புகார் அண்ணன் முன்கூட்டியே எழுதிக் கேட்டார். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டு அதை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு படிக்குக் கீழே வந்து நின்றார். யாராவது இறங்கி வருவார்கள், வேறு அறைக்குப் போகலாம் என்பார்கள் என்று காத்திருந்தார். வந்தது சூப்பர் சாரும் புகைப்படக்காரரும்தான். "அண்ணே, அப்படியே இருங்க! வெளிச்சம் சூப்பரா விழுது!" என்றதும், பழக்கதோஷத்தில் அவரும் சிரித்துவிட்டார். பிறகு மனிதவள மேடம் பாதிப் படி வரை இறங்கி வந்தார். மீதிப் படியையும் இறங்க அவருக்கு என்ன தயக்கமோ, அங்கேயே நின்று, "எதுக்கு உங்களுக்குச் சிரமம்? போன்லயே பேசிடலாமே" என்றார்.

அப்படியே பேசினார்கள். மேலே மேசை நடுவில் போனை வைத்துக்கொண்டு அவர்கள், கீழே படிக்குப் பக்கத்தில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு இவர். வரவேற்புக் கூடத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாம் இவர் நேர்காணல் கொடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். "பிரிவுத் தலைவர் அறை அரைமாடியிலதானே இருக்கு, நீங்க எப்படி..." என்று ஒரு கேள்வி வந்தது. இவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டபோது, நேரமாகிவிட்டது, நன்றி என்றார்கள். மேலே அறைக்குள் உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிட்டுப் போன இன்னொருவருக்குத்தான் வேலை என்று அதற்குள் காற்றுவாக்கில் செய்தி வந்துவிட்டது. அறிவிப்பு மட்டும்தான் பாக்கி.

"அவர் பேசினது சரியா கேக்கவே இல்லையாம், பாவம்" என்றார் சூப்பர் சார். "அடுத்த தடவை பாத்துக்கலாம். ஆனா போட்டோ சூப்பரா வந்திருக்கு பாரு!"

போஸ்ட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து தரைத்தளத்தில் இருந்த புகார் பிரிவுக்குப் போனாள். அண்ணன் ஒரு வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கத்துவது இவள் நின்ற இடம் வரை கேட்டது. இவர் குரல் மட்டும் ஏறவே இல்லை. போனை வைத்ததும் படத்தைக் காட்டினாள்.

"இதைப் போடச் சொல்றாங்கண்ணே. எனக்கு மனசே வரல. வேற படம் கேக்கட்டுமா?"

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டா போடுங்க, போடாட்டி போங்கம்மா. படத்தால எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. அந்த இன்டர்வியூ ஒழுங்கா நடக்கணும், அதான் எனக்கு. தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா எல்லாரையும் மாதிரி மூஞ்சியைப் பாத்துப் பேசித் தோக்கணும். உக்காரக்கூட அவங்க ஒண்ணும் தர வேணாம், நாற்காலி நானே கொண்டு வர்றேன். ஒரு ரூம் குடுத்தாப் போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த போனை எடுத்துவிட்டார்.

போஸ்ட்டம்மாவுக்கு வீட்டில் ஓர் அக்கா. பார்வை கிடையாது. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை. அக்காவின் கைபேசி திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும், அதுவும் மூச்சு விடாமல், மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில். படங்கள் வந்தால் மட்டும் அது தடுமாறும். படத்தோடு கூட, அதில் என்ன இருக்கிறது என்று யாராவது இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் அதை வாசிக்கும். அதற்குப் பட விளக்கம் என்று பெயர். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது, கேட்கிறவர் காதில் மட்டும் விழும். ஒன்றும் எழுதாவிட்டால் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

தங்கை எழுதுவதைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு அலுத்துவிட்டது. "மகிழ்ச்சியான ஊழியர், மகிழ்ச்சியான ஊழியர்கள், ஊழியர் மகிழ்ச்சியாக... ஏன்டி, உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடப் பல்வலி வராதா?" என்று அன்று காலையில்தான் கேட்டிருந்தாள். "அவங்க சந்தோஷமா இருக்காங்களா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீ படத்துல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு."

பட விளக்கம் இல்லாத பதிவே வரக் கூடாது என்று கம்பெனியில் சட்டமே இருந்தது. எல்லோரையும் அணைத்துக்கொள்வதில் அதுவும் ஒன்று. அனுமதிக்குப் போகும் பக்கத்தில் பதிவு, படம், பட விளக்கம் என மூன்றுக்கும் நாலு பேரும் தனித்தனியாக 'பார்த்தேன்' என்று டிக் போட வேண்டும்.

போஸ்ட்டம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்ளது உள்ளபடி எழுதினாள்.

"சக்கர நாற்காலியில் ஒருவர், வெள்ளைச் சட்டையில், ஒரு படிக்கட்டின் கீழே இருக்கிறார். சிரிக்கிறார். படிக்கட்டின் மேலே மூடிய கதவு. கதவில் 'நேர்காணல் நடைபெறுகிறது' என்று அட்டை தொங்குகிறது. படிக்கட்டின் ஓரத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் எதுவும் இல்லை."

அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். மேடம் கூப்பிடுவார், கத்துவார், தானும் திருப்பிக் கத்துவது என்று தீர்மானித்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தும் வைத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மனிதவளம், டிக். சட்டம், டிக். செயலாளர், டிக். 'எல்லோருக்கும்' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்தவர்கள், இத்தனை வரியில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. சூப்பர் சார் டிக் போட்டதோடு நிற்காமல், பக்கத்தில் 'சூப்பர்' என்றும் எழுதியிருந்தார். சண்டைக்கு எழுந்து நின்றவளை உட்காரச் சொல்லிவிட்டது போல் இருந்தது அவளுக்கு. சே என்று சொல்லிப் பதிவை வெளியே விட்டாள்.

வழக்கம் போல் இதயங்கள் குவிந்தன. கைதட்டல்கள் வந்தன. கண் உள்ளவர்கள் எல்லாம் ஒரு சிரிப்பையும் வானவில்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா கூப்பிட்டாள். "இங்க வா. இது நிஜமா?"

"எது?"

"படி, கதவு, அட்டை. நிஜமா இருக்கா, இல்ல கோவத்துல எழுதினியா?"

"கோவத்துலதான் எழுதினேன். ஆனா எல்லாம் படத்துல இருக்கு."

அக்கா கைபேசியை வாயருகே கொண்டுபோய்ப் பேசினாள். என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்த தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவுக்குக் கீழே அக்காவின் பெயரில் ஒரு கேள்வி: "படத்தில் உள்ளதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அந்த அறைக்கு அவர் போனாரா?"

"அக்கா! என் வேலைக்கு உலை வைக்கப் பாக்கறியா?"

"உன் பேரையா சொன்னேன்? நம்ம வீட்டு மிஷின் உங்க கம்பெனிதானே? வாங்கினவ ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?" என்றாள் அக்கா. "கேட்டதும் எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுடி. நீ சொல்லு, போனாரா?"

போகவில்லை என்று தங்கை சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் ஆபீசுக்குள் கால் வைப்பதற்குள் கேள்வி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அக்காவைப் போல் காதால் படிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வந்து கேட்டிருந்தார்கள். அவர் போனாரா? அந்த அறைக்குப் போனாரா இல்லையா? இவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று புரியாமல், கண் உள்ளவர்கள் படத்தைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். பார்த்தால், அடடா, படி! அதுவரை வானவில்லை ரசித்தவர்களும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

மேடத்தின் அறையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"யார் எழுதினது இது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம். நீங்க டிக் போட்டிருக்கீங்க."

மேடம் மென்று விழுங்கினார். "அதெல்லாம் யாரும்மா உக்காந்து படிப்பாங்க?"

"அதான் மேடம், படிச்சிருக்காங்களே."

"முதல்ல பதிவை அழி."

"இப்ப அழிச்சா, போகலைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் சட்டப் பிரிவுக்காரர்.

"விளக்கத்தை மாத்திடு. 'மகிழ்ச்சியான ஊழியர்'னு போட்டுடு. சூப்பரா இருக்கும்" என்றார் சூப்பர் சார்.

"படத்துல படி இருக்கே சார்."

"படியை வெட்டிடு!"

"வெட்டினா அண்ணனோட நாற்காலி பாதி போயிடும் சார். அப்புறம் எதுக்கு அவரைப் போட்டோம்னு யாருக்குமே தெரியாது."

சூப்பர் சாருக்கு யோசனை உதித்தது. அண்ணனை அரைமாடி அறைக்குள் வைத்தே புதிதாகப் படம் எடுத்துப் போட்டால் தீர்ந்தது. லாரியில் மிஷின் ஏற்றுகிற ஆட்கள் நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கினால் ஆயிற்று! அவரே போய் அண்ணனிடம் சொன்னார். போஸ்ட்டம்மாவும் பின்னால் போனாள், தடுப்பதற்கு.

தடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அண்ணன் போனில் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். குரல் ஏறவே இல்லை. "நான் மிஷின் இல்ல சார். தூக்கிட்டுப் போய் படம் எடுத்துட்டு இறக்கி வைக்கறதுக்கு. அந்த ரூமுக்குள்ள எனக்கு என்ன வேலை? இன்டர்வியூதானே? அதை வைங்க, எங்க வேணா வர்றேன். தூக்காம வர்ற மாதிரி."

சூப்பர் சார் அசடு வழிய நின்றார். அவர் வாயில் அந்த ஒரு சொல் வராமல் நின்றதைப் போஸ்ட்டம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் செயலாளரிடமிருந்து போன். நிர்வாக இயக்குநரை அவருடைய சொந்த மகளே கேட்டுவிட்டாளாம், அந்த ஆள் போனாரா இல்லையா என்று. அவருக்குப் பதில் தெரியவில்லை. பதில் வேண்டும் என்கிறார், அதுவும் இன்றைக்கே.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் போஸ்ட்டம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தரைத்தளத்தில், மிஷின்களை ஓடவிட்டுச் சோதிக்கிற கூடத்துக்குப் பக்கத்தில், ஓர் அறை சும்மாவே கிடந்தது. மேசை இருந்தது, நாற்காலிகள் இருந்தன, கதவு அகலமாக இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. இரண்டு பேர் துடைத்துவிட்டுப் போனார்கள், அறை தயார். இதற்கா அந்த மனிதரை வரவேற்புக் கூடத்தில் போனும் கையுமாக நிறுத்திவைத்தார்கள்? யாரிடம் போய்க் கேட்பது?

மதியத்துக்குமேல் நேர்காணல் குழு படியிறங்கி வந்தது. மேடம் இந்த முறை எல்லாப் படியையும் இறங்கினார். புகார் அண்ணன் சட்டைக் கைமடிப்பை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டு வந்தார். சூப்பர் சார் புகைப்படக்காரரோடு வாசலிலேயே தயாராக நின்றார்.

"அண்ணே, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சிரிப்பு..."

"பேசிட்டு வந்துடறேன் சார். சிரிக்க வந்தா சிரிக்கறேன்" என்று சொல்லி அவர் உள்ளே போனார். போனவர் தானே கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே இவர்கள் காத்திருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் மிஷின்கள் கடகடவென்று சுற்றி ஓய்ந்து மறுபடி சுற்றின. ஓய்ந்த ஒரு நேரத்தில் உள்ளே மேடம் குரல் கேட்டது: பிரிவுத் தலைவர் அறை அரைமாடியில்தானே இருக்கிறது, எப்படிப் போவீர்கள் என்று. அதே கேள்வி.

"புகார் எல்லாம் கீழதானே மேடம் வருது?" என்றது அண்ணனின் குரல். "தலைவர் மட்டும் மேல போய் உக்காந்து என்ன பண்ணப் போறாரு?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். அதற்குள் மிஷின்கள் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சூப்பர் சார் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஒரு தடவை தட்டவே கையை ஓங்கிவிட்டார். போஸ்ட்டம்மா முறைத்த முறைப்பில் கையை இறக்கிக்கொண்டார். புகைப்படக்காரருக்குக் கொட்டாவி வந்தது. சும்மா நிற்பானேன் என்று கதவை ஒரு படம் எடுத்தார்.

"இதுல அவர் எங்கய்யா?" என்று சூப்பர் சார் அவர் மேல் பாய்ந்தார்.

"இதையே போடலாம் சார்" என்றாள் போஸ்ட்டம்மா. "கேட்டவங்களுக்குப் பதில் இதுல இருக்கு."

அன்று அவள் பதிவு என்று ஒன்றும் எழுதவில்லை. வானவில்லும் ராக்கெட்டும் இல்லை. படம், பட விளக்கம், அவ்வளவுதான். மேடம் உள்ளே இருந்ததால், இந்த முறை மற்ற மூன்று பேரும் பட விளக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். எதை வெட்டுவது என்று தெரியாமல் டிக் போட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் தலைதெறிக்க ஓடவிடுகிறவள், தங்கைக்கும் கேட்கட்டும் என்று வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை ஓடவிட்டாள். கைபேசி நிதானமாக வாசித்தது.

"தரைத்தளத்தில் ஓர் அறை. கதவு மூடியிருக்கிறது. கதவில் 'நேர்காணல் நடைபெறுகிறது' என்று அட்டை தொங்குகிறது. வாசலில் படி இல்லை. வெளியே சக்கர நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை."

அக்கா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு நேரமாடி பேசினாரு?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் போஸ்ட்டம்மா. "நான் கிளம்பற வரைக்கும் கதவு திறக்கல."